அரம் தேயவில்லை, அடைத்துக்கொண்டது

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கார், விமானம் என்று மாடல் செய்பவர்கள் கூடிப் பேசும்போது தேய்ப்புக் கருவிகளைப் பற்றி இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்று, "வைர அரம் வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலை இல்லை." இன்னொன்று, அதே ஆள் ஆறு மாதம் கழித்துச் சொல்வது: "அது தேஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்." இரண்டிலும் பாதிதான் உண்மை.

நானும் ஒரு வைர அரத்தைக் குப்பைக் கூடை வரை கொண்டுபோனவன்தான். போடும் முன் என்னவோ தோன்றி, பழைய டூத்பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். சாம்பல் நிற மாவு கரைந்து ஓடியது. துடைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் துண்டில் வைத்து இழுத்தால், வாங்கிய அன்று எப்படிக் கடித்ததோ அப்படியே கடித்தது. அந்த அரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மூச்சுத்தான் முட்டியிருந்தது.

நீடித்து உழைக்கும் தேய்ப்புக் கருவிகள் இன்று பலவிதமாகக் கிடைக்கின்றன: கண்ணாடி அரம், வைர அரம், எஃகு அரம், கார்பைடு பலகை. இவற்றில் எது எதனால் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பராமரிப்புக்கென்று தனியாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதற்கு முதலில், தேய்க்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

## தேய்ப்பது என்றால் உழுவது

"தேய்த்தல்" என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பாத்திரம் தேய்ப்பதுபோல அழுத்தி உரசினால் மேடு கரைந்துபோகும் என்று கை நினைத்துக்கொள்கிறது. நடப்பது அது இல்லை. உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு பருக்கையும் ஒரு குட்டி ஏர். அதன் முனை பிளாஸ்டிக்கில் இறங்கி, முன்னால் நகர்ந்து, ஒரு சால் (ஏர் கீறும் பள்ளக் கோடு) போட்டு, கிளறிய மண்ணை மேலே தள்ளுகிறது. அந்த மண்தான் நம் விரலில் ஒட்டும் தூள். தூளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சுருளும் சில்லுமாக இருக்கும். ரம்பத்தூளின் தம்பி என்று சொல்லலாம்.

ஆகவே தேய்த்த பரப்பு என்பது உழுத வயல்தான். வழவழப்பு என்று நாம் சொல்வது சால் இல்லாத நிலை அல்ல. சால்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துப்போன நிலை. பெரிய ஏரால் உழுது மேட்டைக் குறைக்கிறோம். பிறகு அதைவிடச் சிறிய ஏரால் உழுது முந்தைய சால்களை அழிக்கிறோம். அப்புறம் அதையும்விடச் சிறியது. பளபளப்பான கார் மாடலில் பெயின்ட் காய்ந்த பிறகு திடீரென்று கோடுகள் தெரிகிறதா? பெயின்ட் அவற்றை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சால்களைப் பளபளப்பு காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் கொஞ்சம் தயவுள்ளது, மறைத்துவிடும்.

## நம்பர் என்ன சொல்கிறது

தாளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் 400, 800, 1200 என்ற எண்ணைத்தான் கிரிட் என்கிறோம். பருக்கை எவ்வளவு பொடி என்பதற்கான அளவு அது. சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதுதான் இந்த எண்ணின் ஆதி. கண்கள் கூடக்கூட ஒவ்வொரு கண்ணும் சிறுக்கும், கீழே விழும் பொடியும் நைசாகும். எண் ஏற ஏறத் தாள் நைசாவதற்குக் காரணம் இதுதான். மிக நைசான பொடிகளைச் சல்லடையால் பிரிக்க முடியாது. நீர்மத்தில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். எண் முறை மட்டும் அப்படியே தொடர்கிறது.

அளவு மனதில் நிற்க வேண்டுமானால்: பி400 தாளின் பருக்கை சராசரியாக 35 மைக்ரான். பி800 ஏறக்குறைய 22, பி1200 ஏறக்குறைய 15, பி2000 ஏறக்குறைய 10. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், பி400 பருக்கை அதில் பாதி.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்த "பி"யைப் பலர் கவனிப்பதே இல்லை. அது ஐரோப்பிய அளவுமுறையின் அடையாளம். "பி" இல்லாத அமெரிக்க முறையில் 600 என்றால் பருக்கை சுமார் 16 மைக்ரான். அதாவது ஏறக்குறைய பி1200. ஒருவர் 600 போதும் என்பார், இன்னொருவர் 1200 வேண்டும் என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே நைசான தாளாக இருக்கலாம். இந்தச் சண்டையில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

400 போட்டவுடன் 2000-க்குத் தாவுவதில் என்ன தவறு என்றும் இப்போது புரிந்திருக்கும். 35 மைக்ரான் பருக்கை போட்ட சால்களை 10 மைக்ரான் பருக்கை அழிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். சாலின் மேல் விளிம்பு மட்டும் மழுங்கிப் பளபளக்கும், அடிப்பள்ளம் அப்படியே கிடக்கும். இதற்கு ஒரு சுலபமான கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள்: 400-ஐக் குறுக்காக, 800-ஐ நெடுக்காக. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்துக் குறுக்குக் கோடு ஒன்றுகூடத் தெரியாதபோது அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

சுருங்கச் சொன்னால், பருக்கை உழுகிறது. எண் ஏறினால் சால் சிறுக்கிறது. ஒவ்வொரு படியின் வேலையும் முந்தைய படியின் சால்களை அழிப்பதுதான்.

## கருவி கெடுவது மூன்று விதத்தில்

"தேஞ்சு போச்சு" என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு நோய்களை அடக்கிவிடுகிறோம். ஒன்று, முனை மழுங்குவது. இரண்டு, பருக்கையே பிடுங்கிக்கொண்டு விழுந்துவிடுவது. மூன்றாவது அடைப்பு. முதல் இரண்டுக்கும் வீட்டில் மருந்து கிடையாது. மூன்றாவதுக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடைப்பு எப்படி வருகிறது? மழையில் செருப்போடு சேற்றில் நடந்திருப்பீர்கள். செருப்பின் அடியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கிறவரை கால் தரையைப் பிடிக்கும். அந்தப் பள்ளங்களில் சேறு அப்பிக்கொண்டதும் சறுக்கும். அடி தேய்ந்ததாலா சறுக்குகிறது? இல்லை, பள்ளம் நிரம்பிவிட்டது. அரமும் அதே கதைதான். பருக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தூளால் நிரம்பினால் முனைகள் உள்ளே புதைந்துபோகும். அப்புறம் பிளாஸ்டிக்கின் மேல் பிளாஸ்டிக்கே ஓடும்.

இதில் சூடும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான கிட்கள் (மாடலின் பாகங்கள் அடங்கிய பெட்டிகள்) பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். கையால் தேய்க்கும்போது பாகம் முழுதும் அந்தச் சூட்டுக்குப் போகாது. ஆனால் ஒரே இடத்தில் வேகமாக, அழுத்தித் தேய்த்தால் முனை தொடும் அந்த நுண்ணிய இடத்தில் பிளாஸ்டிக் மசிந்து, தூளாக உதிராமல் மெழுகுபோல இழுபட்டு, அரத்தின் மேல் படலமாக ஒட்டும். வெட்டவில்லையே என்று இன்னும் அழுத்துகிறோம். சூடு கூடுகிறது, படலம் தடிக்கிறது.

இந்த வட்டத்தை உடைப்பது தண்ணீர். சூட்டையும் இழுத்துக்கொள்ளும், தூளையும் கழுவிக்கொண்டு போகும். ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு சேர்த்தால் தண்ணீர் உருண்டு ஓடாமல் பரப்பில் படர்ந்து இடுக்கெல்லாம் இறங்கும். நீரில் ஊறினாலும் பிரியாத தாளை 1921-ல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம்மவர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்வது அந்த வகையைத்தான். அதில் இருக்கும் கறுப்புப் பருக்கை சிலிக்கான் கார்பைடு. எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் போய்க் கைக்கு வந்த பொருள் அது. 1893-ல் காப்புரிமை பெற்றார். உப்புத்தாளில் உப்பும் இல்லை, சாண்ட்பேப்பரில் மணலும் இல்லை என்பது வேறு விஷயம்.

## எது எதனால் ஆனது

தாளில் பருக்கை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. முனை மழுங்கும், பசை விடும், தாள் கிழியும். அது தீர்ந்துபோகவே பிறந்தது. அதைக் காப்பாற்ற முயல்வதில் அர்த்தமில்லை. நீடித்த கருவிகளின் கதைதான் சுவாரசியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் நீடிப்பதற்கான காரணம் வேறு.

கண்ணாடி அரத்தில் பருக்கையே கிடையாது. கண்ணாடியின் பரப்பையே அமிலத்தாலோ லேசராலோ அரித்து நுண்ணிய முகடுகளாகச் செதுக்கிவிடுகிறார்கள். ஒட்டவைத்தது எதுவும் இல்லை, ஆகவே உதிர்வதற்கும் எதுவும் இல்லை. கண்ணாடி பாலிஸ்டைரீனைவிட எத்தனையோ மடங்கு கடினம். பிளாஸ்டிக்கை மட்டும் தேய்த்தால் அதன் முகடுகள் மழுங்குவது மிக மெதுவாகத்தான் நடக்கும். சால் ஆழம் மிகக் குறைவு என்பதால் சில கண்ணாடி அரங்கள் ஒரே கருவியில் பளபளப்பு வரை கொண்டுபோய்விடும். ஆனால் அதே காரணத்தால் பெரிய மேட்டைக் குறைக்க அது லாயக்கில்லை. அதன் மேல் போட்டிருக்கும் எண்ணையும் தாள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். சலித்த பருக்கை இல்லாத கருவிக்குச் சல்லடை எண் என்பது வெறும் உவமைதான்.

அதன் எமன் தரைதான். என்னுடையது ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தது. உடையவில்லை, தப்பித்தது என்று சந்தோஷப்பட்டு வேலையைத் தொடர்ந்தேன். மூலையில் கடுகளவு சில்லு தெறித்திருந்ததை நான் பார்க்கவில்லை. விமானத்தின் இறக்கையில் அந்த மூலை கத்திபோல ஒரு கோட்டைக் கிழித்துவிட்டது; புட்டி என்ற பள்ளம் அடைக்கும் பசையை வைத்து நிரப்பி மறுபடி 400-லிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி அரம் விழுந்தால் நான்கு விளிம்பையும் ஒரு வீண் துண்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாடலைத் தொட வேண்டும்.

வைர அரத்தில் எஃகுத் தகட்டின் மேல் வைரப் பொடியை நிக்கல் முலாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொதுவாக ஒரே ஓர் அடுக்குதான். ஒவ்வொரு பருக்கையும் பாதி உடல் நிக்கலில் புதைந்து, மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்று நாம் சொல்வதுண்டு. பிளாஸ்டிக்கும் ரெசினும் பித்தளையும் அதை மழுக்கப் போவதில்லை. வைரம் தோற்காது, அதைப் பிடித்திருக்கும் நிக்கல்தான் தோற்கும். அழுத்தி நெம்பினால் பருக்கை பிடுங்கிக்கொண்டு வரும். அடுத்த அடுக்கு என்று ஒன்று கீழே இல்லை. புது வைர அரம் முதல் சில நாள் தாறுமாறாகக் கீறுவதும் இதனால்தான்: சில பருக்கைகள் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டிருக்கும். வீண் துண்டில் மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் அவை அடங்கும்.

எஃகு அரத்துக்குப் பருக்கை கிடையாது, வெட்டிய பற்கள். பற்கள் ஒரே பக்கம் சாய்ந்தவை. ஆகவே முன்னால் தள்ளும்போதுதான் அது வெட்டும். பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் எதுவும் வெட்டாது, பல்லின் முதுகுதான் தேயும். முன்னும் பின்னும் வேகவேகமாக அறுப்பவர்கள் அரத்தின் ஆயுளைப் பாதியாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கார்பைடு பலகையில் டங்ஸ்டன் கார்பைடு துணுக்குகள் உலோகத்தின் மேல் பற்றவைக்கப்பட்டிருக்கும். மரம், ஃபைபர் கிளாஸ், இறுகிய எப்பாக்சிப் பசை இவற்றைக் கொண்டு பறக்கும் மாடல் செய்பவர்களுக்கு இது பெரிய துணை. மெல்லிய எஃகுத் தகட்டில் அமிலத்தால் அரித்து ஒரே உயரத்தில் பற்களை எழுப்பிய வகையும் உண்டு. அது தட்டையாகவே நிற்பதால் நேர் விளிம்புகளுக்கு நல்லது; வளைத்து மடக்கினால் திரும்ப நேராகாது.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்வதானால், கண்ணாடிக்குப் பயம் விழுவது, வைரத்துக்குப் பயம் அழுத்தம், எஃகுக்குப் பயம் துருவும் பின்னோட்டமும். அடைப்பு மட்டும் எல்லாருக்கும் பொது.

## ஒரு கேட் தடத்தைக் கிட்டே இருந்து பார்ப்போம்

கிட்டில் பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம் ரன்னர். பாகத்தையும் ரன்னரையும் இணைக்கும் சின்னக் கழுத்து கேட். நிப்பர் என்ற வெட்டுக் குறடால் நறுக்கிய பிறகு பாகத்தில் மிஞ்சும் பொட்டு மேடுதான் நம் எதிரி.

முதலில் அந்த மேட்டின் மேலும் சுற்றிலும் பென்சிலால் லேசாகக் கிறுக்குங்கள். பிறகு அரத்தைப் படுக்கையாக வைத்து, அதன் எடையோடு விரலின் எடை மட்டும் சேர, ஒரே திசையில் தள்ளுங்கள். மேட்டின் தலையில் இருக்கும் பென்சில் முதலில் மறையும். சுற்றிலும் இருப்பது அப்படியே நிற்கும். எங்கே வெட்டுகிறது என்று யூகிக்க வேண்டிய தேவையே இல்லை. சுற்றியுள்ள கிறுக்கலும் மங்கத் தொடங்கிய கணம் மேடு சமமாகிவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்த வேண்டும். புதியவர்கள் நிறுத்துவதில்லை, மேடு போய்ப் பள்ளம் வந்துவிடுகிறது.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். வெட்டும் அரம் "சரக் சரக்" என்று உலர்ந்த சத்தம் போடும். பாகத்தின் மேல் மாவு சேரும். சத்தம் அடங்கி, அரம் வழுக்கிக்கொண்டு போகிறதென்றால் அடைப்பு தொடங்கிவிட்டது. அப்போது கை தானாக அழுத்தப் பார்க்கும். அழுத்தாமல் அரத்தைப் புரட்டி மேசையில் லேசாகத் தட்டுங்கள், கண்ணாடி அரத்தை மட்டும் தட்டாமல் பிரஷ்ஷால் ஒரு முறை வாருங்கள். இருபது இழுப்புக்கு ஒரு தரம் இதைச் செய்துவிட்டால் பெரிய கழுவலே அடிக்கடி தேவைப்படாது.

கடினமான அரம் தட்டையான இடத்துக்கும் நேர் விளிம்புக்கும். உருண்ட இடத்துக்கு ஸ்பாஞ்ச் தாள்தான் சரி. கடினமான கருவி வளைவில் பட்டை பட்டையாகத் தட்டை விழ வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முழுதும் காயாத புட்டியையும் பெயின்ட்டையும் தேய்க்காதீர்கள். அரத்தை ஒரே நிமிடத்தில் நாசமாக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. மறைவான ஓர் ஓரத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பதிந்தால் இன்னும் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

## கழுவும் முறை

பெரும்பாலான அடைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரச் சோப்பு, மென்மையான டூத்பிரஷ் போதும். ஐந்து நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, துணியில் ஒற்றி, காற்றில் உலரவிடுங்கள். கண்ணாடிக்கும் வைரத்துக்கும் இதுவே வழக்கமான குளியல். வைர அரத்தில் எஃகு வயர் பிரஷ் வேண்டாம். அது வைரத்தை ஒன்றும் செய்யாது, நிக்கலை அரித்துவிடும்.

எஃகு அரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, துருப்பிடிக்கும். அதற்கென்று குட்டைக் கம்பிகள் உள்ள அரப் பிரஷ் இருக்கிறது. பல் வரிசையின் போக்கிலேயே இழுக்க வேண்டும். பல்லிடுக்கில் உலோகத் துணுக்கு சிக்கி வராவிட்டால் ஒரு பித்தளைத் தகட்டின் ஓரத்தை அந்த வரிசையில் வைத்துத் தள்ளுங்கள். பித்தளையிலேயே பல்லின் அச்சு விழுந்து, அதுவே சீப்பாகித் துணுக்கை வெளியேற்றும். வேலைக்கு முன் அரத்தில் சாக்பீஸ் தடவிக்கொள்வது பழைய பட்டறை வித்தை. பள்ளத்தில் முன்கூட்டியே சாக்பீஸ் மாவு உட்கார்ந்துகொள்வதால் துணுக்கு ஒட்டாது, தட்டினால் இரண்டும் சேர்ந்து விழும். கார்பைடு பலகை முரட்டுப் பிள்ளை; வயர் பிரஷ்ஷையும் தாங்கும்.

மசிந்த பிளாஸ்டிக்கும் சூப்பர் குளூவும் சோப்புக்கு அசையாது. அதற்கு அசிட்டோன். வெறும் கண்ணாடி, வெறும் உலோகம் என்றால் ஒரு துணியில் நனைத்து ஒற்றி, இளகியதும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். பிளாஸ்டிக் கைப்பிடியோ பசையால் ஒட்டிய அடித்தளமோ இருந்தால் அசிட்டோன் அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். சீக்கிரம் தீப்பற்றும் பொருளும்கூட. ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடத்தில் ஒரே விதிதான்: அரத்தோடு அரம் உரசக் கூடாது. ஒரே டப்பாவில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கினால் வேலை செய்யாமலே மழுங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி உறை தைத்துவிடலாம்.

தூளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாயால் ஊதாதீர்கள், கண்ணிலும் மூக்கிலும்தான் திரும்பி வரும். ரெசினும் ஃபைபர் கிளாஸும் தேய்க்கும்போது என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் ஈரமாகத் தேயுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் பாகத்தைக் கழுவியாக வேண்டும், ஏனென்றால் நிலைமின்னூட்டத்தால் பிளாஸ்டிக் தூள் பரப்பைவிட்டு லேசில் விலகாது.

## உண்மையிலேயே தேய்ந்ததா?

நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரு ரன்னர் துண்டை எடுத்து, அழுத்தம் கொடுக்காமல் பத்து இழுப்பு. மாவு உதிர்ந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. உதிராவிட்டால் சாய்ந்த வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பாருங்கள். வைர அரத்தில் மினுக்கும் புள்ளிகளுக்கு நடுவே வழவழப்பான வெள்ளித் திட்டுகள் தெரிந்தால் அங்கே பருக்கை போய்விட்டது. எஃகு அரத்தில் பல் உச்சிகள் மட்டும் பளபளவென்று வெள்ளைக் கோடாக மின்னினால் மழுங்கல்.

அப்போதும் தூக்கிப் போட அவசரம் வேண்டாம். துருத்திய பருக்கைகளை இழந்த வைர அரம் ஆழமான சால் போட முடியாது. அதனாலேயே அது ஒரு படி நைசான கருவியைப்போல நடந்துகொள்ளும். நான் குப்பைக் கூடையிலிருந்து மீட்ட அந்த அரம் சில வருடங்களுக்குப் பிறகு நிஜமாகவே ஓய்ந்தது. இப்போது புது அரம் மேட்டைக் குறைத்ததும் இது வந்து விளிம்பைச் சீராக்குகிறது. அவசரத்தில் இரண்டும் மாறிவிடக் கூடாது என்று பழையதன் கைப்பிடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.